எழுதிக் கொடுக்காத முகங்கள்

சுண்ணாம்பு அடிப்பதும் சித்திரம் வரைவதும் ஒரே வேலைதான் என்று அலெபெட்டு நகரசபை எழுதியே வைத்திருந்தது. டெண்டர் காகிதத்தில் 'சுவர்ப்பூச்சு, வெள்ளையடிப்பு, வண்ணச் சித்திரம் முதலியன' என்று ஒரே தலைப்பு. அதற்கு விண்ணப்பிக்க இரண்டாம் வகுப்பு கான்ட்ராக்டர் லைசென்ஸ் வேண்டும். இதே மாதிரி வேலையை மூன்று வருடம் செய்த சான்றிதழ் வேண்டும். படம் வரையத் தெரிய வேண்டும் என்று மட்டும் எந்த இடத்திலும் இல்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்துப் பதினாறு வருடமாகப் பிழைக்கிறவள் நான். ஊர் கான்ட்ராக்டர்களின் டெண்டரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என் வேலை. பெயர் ஷார்லெட் மத்தியாஸ். ஆனால் ஊருக்கு நான் 'பாயம்மா'. எங்கள் கரையில் கிறிஸ்தவப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சித்ராக்ஷி பங்கேரா ஒரு மத்தியானம் கடைக்கு வந்தாள். முப்பத்துநாலு வயது, மீனவர் தெருக்காரி, மங்களூரில் சித்திரம் படித்தவள். ஹோட்டல் சுவர்களில் தென்னை மரமும் பள்ளிக்கூடச் சுவர்களில் முயலும் ஆமையும் போட்டுக்கொண்டிருந்தவள். நகத்திடுக்கில் நீலச் சாயம்.

"பாயம்மா, தக்கே ரோட்டுல அந்த நீளச் சுவர்ல படம் போடப்போறாங்களாமே. அதுக்கு எப்படி எழுதிக் கேக்குறது?"

தக்கே என்பது எங்கள் படகுத்துறை. அதை ஒட்டிய சுவர் முந்நூற்றிருபது அடி நீளம். நான் டெண்டரைத் திறந்து தகுதிப் பக்கத்தைக் காட்டினேன். அவள் இரண்டு தடவை படித்தாள்.

"லைசென்ஸ் எடுக்கணும்னா?"

"முதல்ல ரெண்டு கல்வெர்ட் கட்டணும். ஒரு சாக்கடை மூடணும்."

"சாக்கடை கட்டினவன்தான் படம் போடலாம்."

"அப்படித்தான் போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ வேற எங்கேயாவது இருக்கும்ல, எங்களை மாதிரி ஆளுக்கு? நாடு இவ்வளவு பெருசு. தேடிக் குடுங்க. மணிக்கு எவ்வளவோ அதைத் தர்றேன்."

அப்படித் தொடங்கியது. வியாழக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. மூன்று மாதம், வியாழன் தவறாமல், நாங்கள் இருவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பொது இடத்தில் கலை செய்கிறவர்களுக்கு இந்த நாட்டில் என்னென்ன வாய்ப்பு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. தெரியவரத் தெரியவர வயிறு எரிந்தது.

பெங்களூரில் யாரோ மேம்பாலத் தூண்களில் வரைய ஆள் தேடினார்கள். நுழைவுக் கட்டணம் ஆயிரத்தைந்நூறு. கூலி கிடையாது. 'உங்கள் படைப்பைத் தினமும் இரண்டு லட்சம் வாகனங்கள் பார்க்கும்' என்று எழுதியிருந்தது.

"வாகனம் பாக்கும்னு போட்டிருக்கான் பாருங்க," என்றாள் சித்ராக்ஷி. "மனுஷன் பாப்பான்னு சொல்ல அவனுக்கே வாய் வரல."

ஒரு பெயின்ட் கம்பெனியின் போட்டியில் முதல் பரிசு பெயின்ட். வெளிநாட்டில் தங்கி வேலை செய்ய ஓர் இடம் இருந்தது, முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். "முப்பது வரைக்கும் நான் தென்னை மரம் போட்டுத் தம்பிக்கு ஃபீஸ் கட்டினேன். அதை எந்தக் கட்டத்துல எழுதணும்?" என்று கேட்டாள். டெல்லியில் ஓர் அறக்கட்டளை நல்ல தொகை தருவதாகச் சொன்னது. ஆனால் ஆயிரத்தைந்நூறு வார்த்தை இங்கிலீஷில் எழுத வேண்டும். முதல் கேள்வி: 'உங்கள் கலைச் செயல்பாட்டின் விசாரணை எது?'

"என்ன விசாரணை? நான் போலீஸா?"

இருந்தாலும் எழுதினோம். என் இங்கிலீஷ், அவள் விஷயம். பதிலே வரவில்லை. மொத்தம் பதினேழு இடத்துக்கு அனுப்பினோம். இரண்டு இடத்திலிருந்து 'வருந்துகிறோம்' என்று வந்தது. அந்த இரண்டு பேரையாவது நான் மதிக்கிறேன்.

இதற்கு நடுவே தாரானாத் என்கிற கான்ட்ராக்டர், என் பழைய வாடிக்கையாளர், ஜெராக்ஸுக்கு நின்றபடியே எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏம்மா, ஏன் இவ்வளவு கஷ்டப்படுறே? லைசென்ஸ் என்கிட்ட இருக்கு. நீ வரை. பேரு, பில்லு எல்லாம் என்னுது. உனக்கு நாள்கூலி."

"போன வருஷம் பாலர் பள்ளியில அப்படித்தானே அண்ணே போட்டோம். அடியில உங்க பேரும் ஃபோன் நம்பரும் இருக்கு. நேத்து ஒருத்தர் என்கிட்டயே சொல்றாரு, தாரானாத்துக்கு என்ன கை ராசின்னு."

"பேருல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா என் பேரைப் போட்டிருக்கலாமே அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். சுவர் டெண்டரும் ஏதோ காரணத்தால் ரத்தாகிவிட்டது.

மழைக்காலத்துக்கு முன்னால் நகரசபை புதிதாக ஓர் அறிவிப்பு விட்டது. தக்கே சுவருக்கு யோசனை வரைபடங்கள் வரவேற்கப்படுகின்றன, உள்ளூர்க் கலைஞர்கள் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், லைசென்ஸ் தேவையில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. சித்ராக்ஷியை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னபோது அவள் ஹோட்டல் சுவரில் ஏணிமேல் இருந்தாளாம். தூரிகையைக் கீழே போட்டுவிட்டாள்.

ஐந்து வாரம் தினமும் காலை ஆறு மணிக்குத் தக்கேயில் போய் உட்கார்ந்தாள். ஏலம் நடக்கும்போது, கூடை நிரப்பும்போது, ஐஸ் உடைக்கும்போது மீன்காரப் பெண்களை ஒவ்வொருவராக வரைந்தாள். நாற்பத்திரண்டு பேர். அவர்கள் விடுவார்களா?

"ஏ பெண்ணே, என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு. கல்யாணத்துக்குப் பொண்ணு வெச்சிருக்கேன்," என்றாள் ஒருத்தி.

"உள்ளதைத்தான் போடுவேன் அக்கா."

"அப்போ என் கடனையும் போடு, உள்ளதுதானே!" என்றாள் ஜலஜக்கா. மீன்காரப் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. முன்பல் இரண்டு கிடையாது, அதனால் சிரிப்பு இரண்டு மடங்கு. புருவத்தில் தழும்புள்ள ரத்னாவை, காது கேளாத சேசுவை, எண்பது வயதிலும் கூடை சுமந்த காசியக்காவைச் சித்ராக்ஷி அப்படியே வரைந்தாள். ஒவ்வொருத்திக்கும் கீழே பெயர், கூடையில் அவள் வழக்கமாக விற்கிற மீன். நீளத் தாளில் அந்த நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நடந்து வருவதைப் பார்த்தபோது, என் கடைக்குள்ளேயே மீன்வாடை வந்தமாதிரி இருந்தது.

அதை ஸ்கேன் செய்து, படிவம் நிரப்பி அனுப்பியது நான்தான். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும், 'ஷரத்துகளை ஏற்கிறேன்' என்று. தட்டினேன். பதினாறு வருடமாக அந்தக் கட்டத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறவள். ஒரு நாளும் படித்ததில்லை.

மழை வந்தது, போனது. காசியக்கா ஆடியில் காலமானாள். நகரசபையிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. சித்ராக்ஷி மூன்று தடவை போய்க் கேட்டாள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். நவராத்திரி முடிந்த வாரம் அவள் என் கடை வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை.

"சுவர்ல ஆரம்பிச்சுட்டாங்க பாயம்மா."

"யார்?"

"தாரானாத் ஆளுங்க. என் படம்."

நான் கம்ப்யூட்டரில் தேடினேன். ஆகஸ்டில் தாரானாத்துக்கு ஒரு டெண்டர் ஏற்றியிருந்தேன்: 'இணைப்பு வரைபடத்தின்படி சுவர்ச் சித்திரம்'. இணைப்பை அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை. இப்போது திறந்தேன். நாற்பத்திரண்டு பெண்கள். வலது மூலையில் சித்ராக்ஷியின் கையெழுத்து இருந்த இடம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

"நீங்கதானே ஏத்துனீங்க?" என்றாள்.

"ஆமா."

"பாக்கல?"

"பாக்கல சித்ரா. சத்தியமா பாக்கல."

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "பாத்திருக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் கடையைச் சீக்கிரம் சாத்தினேன். படிக்காமல் விட்ட ஷரத்துகளை அச்செடுத்து வீட்டுக்கு எடுத்துப்போனேன். பதினான்காவது ஷரத்து: 'அனுப்பப்படும் வரைபடங்கள் யாவும் நகரசபையின் சொத்தாகும். அனுப்பியவருக்கு எவ்வித உரிமையும், பெயர் குறிப்பிடக் கோரும் உரிமை உட்பட, இராது.' பெயர் கேட்கக்கூட உரிமை இல்லை என்று ஒருவன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான் பாருங்கள்! சாக்கடை மூடிக்கு ஷரத்து எழுதுகிற கை அது. அந்தக் கைக்கு நான் சம்மதம் தட்டியிருக்கிறேன்.

மறுநாள் சுவரைப் போய்ப் பார்த்தேன். வெளியூரிலிருந்து விளம்பரப் பலகை எழுதுகிறவர்களைக் கொண்டுவந்திருந்தார் தாரானாத். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சதுர அடிக் கூலிக்கு வந்தவர்கள். ஆனால் மேலிடத்து உத்தரவாம், 'முகங்கள் பளிச்சென்று இருக்க வேண்டும்' என்று. நாற்பத்திரண்டு பேரும் வெள்ளைவெளேரென்று இருந்தார்கள். உதட்டில் சிவப்பு. ஜலஜக்காவுக்குப் பல் முளைத்திருந்தது. பெயர்களைக் காணோம். அதைவிடக் கொடுமை, கூடைகளில் மத்தியும் அயிலையும் இருந்த இடத்தில் மீசை வைத்த குளத்துக் கெண்டை!

மத்தியானம் ஏலம் முடிந்து வந்த ஜலஜக்கா தன் முகத்துக்கு எதிரே கூடையை இறக்கி வைத்தாள்.

"பல்லு வெச்சதைக்கூட மன்னிச்சுடுவேன்," என்றாள். "கெண்டையா? முப்பத்தெட்டு வருஷமா கடல் மீன் விக்கிறேன். என் கையில கெண்டையைக் குடுத்தவன் எவன்?"

ஏணியில் இருந்த பெயின்டர் பாவம், இறங்கி, "கான்ட்ராக்டர்கிட்டக் கேளுங்கம்மா," என்றான்.

ஜலஜக்கா கேட்டது கான்ட்ராக்டரை அல்ல. மறுநாள் மூன்று மணிக்குப் பத்தொன்பது பெண்கள் காலிக் கூடையோடு நகரசபை மாடி ஏறினார்கள். சித்ராக்ஷி தன் மூலப்படச் சுருளோடு வந்தாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். எதிர் வாசல்தான். ஆனால் பதினாறு வருடத்தில் டெண்டர் வேலை இல்லாமல் அந்தப் படியை நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

நகரசபை என்ஜினியர் பாட்டீல் கடலோரத்துக்காரர் அல்ல, மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் வடக்கேயிருந்து வந்தவர். கோபம் வராத மனிதர். கோபம் வராதவர்களிடம் பேசுவதுதான் கஷ்டம்.

"இந்த அம்மா அனுப்பினது யோசனை. யோசனை நகரசபை சொத்து. பதினான்காவது ஷரத்து. பாயம்மாவுக்கே தெரியும், அவங்கதான் ஏத்தினாங்க," என்றார்.

நான் முன்னால் வந்தேன். "தெரியும் சார். படிக்காம தட்டினேன். என் தப்பு அது. ஆனா கையெழுத்தை வெட்டினது யார்? அதுக்கு ஷரத்து எத்தனை?"

சித்ராக்ஷி சுருளை மேஜைமேல் விரித்தாள். "சார், இது நான் வரைஞ்சது. தேதி இருக்கு. ஒவ்வொருத்தரும் என் எதிர்ல உக்காந்தாங்க."

"மீன்காரப் பெண்கள்னா பொதுவான விஷயம்மா. யார் வேணா வரையலாம். எல்லாரும் ஒரே மாதிரிதானே இருப்பாங்க."

அறையில் இருந்த பத்தொன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார் வீட்டுல மீன் வாங்குறது யாரு?" என்றாள் ஜலஜக்கா.

"நாங்க மீன் சாப்பிடறதில்ல."

"அதான். மீனும் தெரியல, மீன்காரியும் தெரியல. எழுந்து வாங்க சார். அஞ்சு நிமிஷ நடைதான். வந்து பாத்துட்டுச் சொல்லுங்க, ஒரே மாதிரி இருக்கோமான்னு."

அவர் மறுத்திருக்கலாம். பத்தொன்பது பெண்கள் கதவுப் பக்கம் நின்றதால் எழுந்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்க்க, அவரை நடுவில் விட்டு நடந்தோம். சுவருக்கு வந்ததும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பெண்கள் தாங்களாகவே பிரிந்து, அவரவர் முகத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார்கள். ரத்னா தன் புருவத் தழும்பில் விரல் வைத்துக் காட்டினாள். சுவரிலும் தழும்பு இருந்தது. வெள்ளையடித்தும் அதை மறைக்க மறந்திருந்தார்கள். சேசு வழக்கம்போல் தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றாள், மேலே அவள் படமும் அதே சாய்வு. காசியக்காவின் இடத்துக்கு அவள் மகள் லலிதா போனாள். தாயின் சிவந்த உதட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கம்மா வெத்தலையைத் தவிர உதட்டுல எதையும் வெச்சதில்ல சார்," என்றாள். "செத்தவளுக்கு ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

பாட்டீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினாலாவதோ பதினைஞ்சாவதோ, அந்தப் பெண் ஒத்துக்கிட்டா," என்றாள் ஜலஜக்கா. "நாங்க எங்க முகத்தை யாருக்கும் எழுதிக் குடுக்கல. இந்த வெள்ளையை அழிங்க. கெண்டையை அழிங்க. வரைஞ்சவளைக் கூப்பிட்டு, கூலி குடுத்து, அவ கையால சரிபண்ண வைங்க. எங்க பேரையும் போடுங்க, அவ பேரையும் போடுங்க. ஒரு வாரம் பாப்போம்."

ஒரு வாரம் ஆகவில்லை. ஐந்தாம் நாள் லாரி வந்தது. நான் கடையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிச் சுவர் போயிருந்தது. எட்டு ஆட்கள், நீளக் கம்பு உருளை, பாலாடை நிறப் பெயின்ட். தலையில் ஆரம்பித்து மேலிருந்து கீழே இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் முந்நூற்றிருபது அடியும் மொட்டை. 'சர்ச்சைக்குரிய சித்திரம் பொது அமைதி கருதி அகற்றப்பட்டது' என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பத்திரண்டு பெண்களின் முகம் பொது அமைதியைக் கெடுத்துவிட்டதாம்! படத்தைத் திருத்தச் சொன்னால் பணமில்லை என்பார்கள். அழிப்பதற்கு மட்டும் டெண்டர்கூட வேண்டியிருக்கவில்லை.

சித்ராக்ஷி அழுவாள் என்று நினைத்தேன். அவள் தெருவோரக் கல்லில் உட்கார்ந்து கோலி பஜே, எங்கள் ஊர் மைதா போண்டா, தின்றுகொண்டிருந்தாள், பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நேத்து வரைக்கும் நான் கெஞ்சிக்கிட்டிருந்தேன் பாயம்மா, எங்கேயாவது ஒரு வழி திறக்குமான்னு. இனி கெஞ்ச மாட்டேன். என் தொழிலுக்கு நான் ஷரத்து போடுறேன்."

அவள் சொன்ன தைரியத்துக்குச் சுவர் வேண்டுமே. சுவர் கொடுத்தது ஹமீத் காக்கா. தக்கேயை ஒட்டி அவருடைய ஐஸ் ஃபேக்டரி. ரோட்டைப் பார்த்த பக்கச் சுவர் நூற்றுப்பத்து அடி, இரண்டு மாடி உயரம். அவர் ஜலஜக்காவிடம் ஐஸ் விற்று, அவளிடமே மீன் வாங்கித் திட்டு வாங்குகிறவர்.

"என் சுவருக்கு டெண்டரும் வேணாம், ஒரு மயிரும் வேணாம். நாளைக்கே ஏணி போடுங்க. இந்தப் பெண் நல்ல மனசோட சும்மா போட்டுக் குடுத்துடும்," என்றார்.

"சும்மா போட மாட்டேன் காக்கா," என்றாள் சித்ராக்ஷி.

காக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"கோபப்படாதீங்க. சும்மா போட்டா, அடுத்த ஊர்ல இன்னொரு பொண்ணுகிட்ட, 'அலெபெட்டுல சும்மாதானே போட்டா'ன்னு சொல்வான். நீங்க ஐஸைச் சும்மா குடுப்பீங்களா?"

"நல்ல நாள்ல கேட்டாக்கூடக் குடுக்க மாட்டான் இவன்," என்றாள் ஜலஜக்கா. காக்காவே சிரித்துவிட்டார்.

சங்கம் கூடியது. அந்த வருடம் மாரியம்மன் பூஜைக்கு ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும் வேண்டாம், அந்தப் பணம் சுவருக்கு என்று தீர்மானம். எதிர்த்தவர்களும் இருந்தார்கள், ரத்னாவின் மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. காக்கா பெயின்டும் சாரமும் ஏற்றுக்கொண்டார். ஒப்பந்தம் எழுதுவது என் பங்கு. என் கடனை நான் வேறெப்படித் தீர்ப்பேன்?

மங்களூரில் ஒரு வக்கீலிடம் இரண்டு தடவை பஸ்ஸில் போய்க் கேட்டு, ஒரே பக்கத்தில், பத்தாவது படித்தவளுக்குப் புரிகிற கன்னடத்தில் எழுதினேன். கூலி மூன்று தவணை, முதல் தவணை தூரிகையைத் தொடும் முன். வரைந்தவரைக் கேட்காமல் ஒரு கோடு மாற்றக்கூடாது. அழிப்பதென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வரைந்தவர் பெயர் இரண்டடிக்கு ஓரடி அளவில் சுவரில் இருக்க வேண்டும். படத்தை அச்சிட்டால் வரைந்தவர் பெயரும், முகத்துக்குரியவர்கள் பெயரும் கூடவே அச்சாக வேண்டும். இந்தத் தடவை எல்லா வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. சேசு கைநாட்டு வைத்தாள். அவளுக்கு லலிதா சைகையில் ஒவ்வொரு வரியாகச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

டிசம்பர் முழுக்க சித்ராக்ஷி சாரத்தில் இருந்தாள். உடுப்பியிலிருந்து இரண்டு பெண்கள் கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஜலஜக்கா பல்லில்லாமல் சிரித்தாள். காசியக்காவின் உதடு வெற்றிலைச் சிவப்பு. கூடையில் மத்தி, அதன் முதுகில் கடல்நீலம் ஓடியது. ஏலத்துக்கு வருகிற ஆண்கள் நின்று, 'இது நம்ம அத்தை' என்று விரல் நீட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்தேன்.

தாரானாத் டெண்டர்களை வேறு கடைக்கு எடுத்துப் போய்விட்டார். அவர் பின்னாலேயே இன்னும் நான்கு பேர் போனார்கள். அது எனக்குப் பெரிய அடிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் வேறு ஆட்கள் வந்தார்கள். குந்தாபுரத்திலிருந்து ஒரு சிற்பி, கார்க்களாவிலிருந்து மண்பொம்மை செய்கிற தம்பதி. "பாயம்மா, அந்த ஒரு பக்கக் காகிதம் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்கிக்கொள்வேன். கடைச் சுவரில் ஒரு பலகை மாட்டினேன். எங்கெல்லாம் கலைஞர்களைக் கூப்பிடுகிறார்களோ எழுதி ஒட்டுவேன். ஷரத்துகளை முழுசாகப் படித்துவிட்டு, பக்கத்திலேயே சிவப்புப் பேனாவில் என் கருத்து. 'கூலி உண்டு, போகலாம்.' 'நுழைவுக் கட்டணம் கேட்கிறான், போகாதே.' 'எட்டாவது ஷரத்து திருட்டு.'

அடுத்த மார்ச்சில் நகரசபை ஒரு புத்தகம் வெளியிட்டது. வழவழப்பான தாள், 'எழில்மிகு அலெபெட்டு' என்று பெயர், ஏதோ மாநில விருதுக்கு அனுப்புவதற்காக. அட்டையில் ஐஸ் ஃபேக்டரி சுவர்! 'நகரசபையின் பொதுக்கலைத் திட்டம்' என்று அடியில். யார் பெயரும் இல்லை. ஒரு சுவரை மொட்டையடித்தவர்கள், தங்கள் காசில் ஒரு பொட்டுக்கூடப் படாத இன்னொரு சுவரைத் தங்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஜலஜக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, அச்சில் ஏற்ற முடியாத துளு வார்த்தைகளில் ஐந்து நிமிடம் பேசினாள்.

இந்தத் தடவை நாங்கள் கூடையோடு போகவில்லை. வக்கீல் நோட்டீஸோடு அந்த ஒரு பக்க ஒப்பந்தம் போனது. சித்ராக்ஷி, ஹமீத் காக்கா, சங்கம், மூன்று தரப்பின் கையெழுத்தும் இருந்தது. விருதுக்கமிட்டிக்கும் ஒரு நகல். நான்காம் நாள் பாட்டீல் தாமே என் கடைக்கு வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"ரெண்டாயிரம் பிரதி அச்சாயிடுச்சு பாயம்மா. திரும்ப அடிக்க முடியாது. ஸ்டிக்கர் ஒட்டிடலாம்னு..."

"எழுதிக் குடுங்க சார்."

எழுதிக் கொடுத்தார். 'சித்திரம்: சித்ராக்ஷி பங்கேரா. மீன்காரப் பெண்கள் சங்கத்தின் செலவில், ஹமீத் ஐஸ் ஃபேக்டரி சுவரில் வரையப்பட்டது. நகரசபைத் திட்டம் அல்ல.' கடைசி வரியை அவராக எழுதவில்லை. நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினார். அதற்குக் கீழே நாற்பத்திரண்டு பெயர்கள். ஸ்டிக்கரை என் மெஷினிலேயே அச்செடுத்தோம். அவருடைய ஆட்கள் இரண்டு நாள் என் கடை வாசலில் உட்கார்ந்து ஒட்டினார்கள். சாயங்காலம் மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்று, தங்கள் பெயர் எங்கே என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். 'சேசு பூஜாரி' என்பதை 'சேச' என்று அடித்துவிட்டேன். அவள் தலையைச் சாய்த்து, சுவரில் பார்த்துப் பழகிய எழுத்து இதில்லை என்று விரலால் காட்ட, முந்நூறு ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டு மறுபடி அடித்தேன்.

சித்ராக்ஷி ஹொன்னாவரத்தில் ஒரு பஸ் நிலையச் சுவர் வேலையிலிருந்து இரண்டாம் நாள் சாயங்காலம்தான் வந்திருந்தாள். பாட்டீலும் வேலையைப் பார்க்க வந்து நின்றிருந்தார். ஒட்டி முடித்த ஒரு பிரதியைக் கையில் எடுத்து, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சுலபமாக எழும்பி வந்தது.

"ஈரம் பட்டா உரிஞ்சிடும் இது," என்றாள்.

"உரிஞ்சா?"

"மறுபடி ஒட்டச் சொல்லணும். பாட்டீல் சார், பசை இன்னும் கொஞ்சம் தடவச் சொல்லுங்க."

அவர் பசை டப்பாவைத் தன் ஆள் பக்கம் நகர்த்தினார்.